ஆயில் அழுத்த எச்சரிக்கை சுவிட்ச்

ஆயில் அழுத்த எச்சரிக்கை சுவிட்ச் என்பது, கார் எஞ்சினில் எண்ணெயின் அழுத்தம் குறிப்பிட்ட அளவிற்குக் கீழே இறங்கும்போது ஓட்டுநரின் முன்னுள்ள சிவப்பு விளக்கை எரியச் செய்யும் சிறிய மின்கருவி ஆகும். எண்ணெய்க் கேன் வடிவக் குறியீட்டால் இவ்விளக்கை அடையாளம் காணலாம். ஆயில் பம்ப் தரும் அழுத்தத்தால்தான் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கு எண்ணெய் இடைவிடாமல் சென்று சேர்கிறது. அது நின்றால் உலோகத்தோடு உலோகம் உரசி, எஞ்சின் சில நிமிடங்களிலேயே பழுதாகிவிடக்கூடும்.

செயல்படும் விதம்

சுவிட்சின் உள்ளே வளையக்கூடிய மெல்லிய திரையும் ஒரு சுருள்வில்லும் உள்ளன. எஞ்சின் ஓடாதபோது சுருள்வில் மின்தொடுமுனைகளைச் சேர்த்தே வைத்திருக்கும். எனவே சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் திரையைத் தள்ள, தொடுமுனைகள் பிரிந்து விளக்கு அணைகிறது. சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை என்றால் பல்பு, கம்பி, சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று பழுது என்று பொருள்.

தேர்வு செய்யும் முறை

1. அழுத்த அளவு: பெரும்பாலான கார்களின் சுவிட்சுகள் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 பார் வரையிலான அழுத்தத்தில் இயங்குபவை. சூடான எண்ணெய் நீர்த்துப்போவதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அழுத்தம் இயல்பாகவே குறையும். சுவிட்சின் அளவு கூடுதலாக இருந்தால், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் விளக்கு வீணாக எரியும்.

இதில் ஒரு குறையும் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினுக்குப் பல பார் அழுத்தம் தேவை. அது 0.3 பாராக இறங்கி விளக்கு எரிவதற்குள் பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். ஆகவே, விளக்கு எரியவில்லை என்பதாலேயே அழுத்தம் போதுமானது என்று கொள்ள முடியாது. இதற்குத் தீர்வாக, 1980களில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களில் இரண்டு சுவிட்சுகள் பொருத்தப்பட்டன. 0.3 பார் சுவிட்ச் குறைந்த வேகத்தையும், 1.8 பார் சுவிட்ச் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,000 சுழற்சிகளுக்கு மேற்பட்ட வேகத்தையும் கண்காணித்தன. முன்கூட்டியே எச்சரிக்கை வேண்டுவோர், பழைய சுவிட்சை அப்படியே விட்டு, கூடுதலாக ஓர் அழுத்தமானியைப் பொருத்துவது நல்லது.

2. மரை: ஐரோப்பியக் கார்களில் எம்10×1 மரையும், ஜப்பானியக் கார்களில் 1/8 அங்குல பி.எஸ்.பி.டி. மரையும், அமெரிக்கக் கார்களில் 1/8 அங்குல என்.பி.டி. மரையும் பரவலாகக் காணப்படும். இவை பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை. ஆனால் ஓர் அங்குலத்திற்கு பி.எஸ்.பி.டி.யில் 28 மரைகள், என்.பி.டி.யில் 27 மரைகள். தவறான சுவிட்ச் சில சுற்றுகள் எளிதாக இறங்கிப் பின் இறுகும். வலிந்து திருகினால் எஞ்சின் பிளாக்கின் மரை கெட்டு எண்ணெய் கசியும்.

3. மின் இணைப்பு: ஒற்றை முனை சுவிட்ச், தன் உலோக உடலின் வழியாகவே எர்த் பெறுகிறது. மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் துண்டிக்கப்பட்டு, ஆபத்து வேளையிலும் விளக்கு எரியாமல் போகலாம். அழுத்தம் இல்லாதபோது தொடுமுனைகள் சேர்ந்திருக்கும் வகையா, பிரிந்திருக்கும் வகையா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

வண்டியின் மாடல், எஞ்சின் வகை ஆகியவற்றுக்குரிய பாக எண்ணைக் கொண்டு வாங்கினால் இம்மூன்றும் பொருந்திவிடும்.

விளக்கு எரிந்தால்

ஓடும்போது விளக்கு எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்து அளவுக்கம்பியால் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தாலும், சுவிட்ச்தான் பழுது என்று எண்ணி ஓட்டக் கூடாது. சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அளக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தால் மட்டுமே சுவிட்சையும் அதன் கம்பியையும் சோதிக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் பம்ப், அடைபட்ட வடிகட்டி, தேய்ந்த பேரிங் போன்றவற்றில் காரணத்தைத் தேட வேண்டும்.