ஐயனார் காத்த காடு

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுப் புடவை, கோபுரங்கள், மிளகு சீரகம் மணக்கும் இட்லி... சரிதானே? ஆனால் எங்கள் ஊரின் பெரிய சிவன் கோயிலுக்கே ஒரு மரத்தின் பெயர்தான் என்பதை எத்தனை பேர் யோசித்திருப்பீர்கள்! ஏகம் என்றால் ஒன்று. ஆம்ரம் என்றால் மாமரம். ஒற்றை மாமரத்தடியில் குடிகொண்டவர் ஏகாம்பரநாதர். அதன் நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள், பழத்திலும் நான்கு சுவை என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்ப்பார்கள்.

மரத்தைச் சுற்றி வந்து மஞ்சள் கயிறு கட்டத் தெரிந்தவர்கள் நாம். ஆனால், "தனி மரம் தோப்பாகாது" என்பார்களே, அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோப்பும் காடாகாது!

"ஏன் ஆகாது? மரம் இருந்தால் காடுதானே?" என்று பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். "பாவு மட்டும் இருந்தால் புடவை ஆகிவிடுமா அக்கா? ஊடை ஓட வேண்டாமா?" காட்டில் உயர்ந்த மரம், அதன் நிழலில் சிறு மரம், புதர், மேலே ஏறும் கனத்த கொடி, கீழே மக்கும் சருகு, விதையைக் கொண்டுபோகும் பறவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வரிசையாக நட்ட தைல மரத்தில் இந்தப் பின்னல் கிடையாது.

நம் சோழமண்டலக் கரைக்கென்றே ஒரு காடு உண்டு. உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள் விஞ்ஞானிகள். மலைச்சோலை போல வானளாவ வளராது. வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு, மற்ற மாதமெல்லாம் வெயில் காயும் பூமி அல்லவா இது? ஆனாலும் இந்தக் காட்டின் மரங்கள் அக்னி நட்சத்திரத்திலும் பச்சையாகவே நிற்கும். தடித்த சின்ன இலைகள்தான் அதற்குக் காரணம். வீரை, உலக்கைப் பாலை, கருங்காலி, காசான் எல்லாம் இந்தக் குடும்பம். வீரைப்பழமும் பாலைப்பழமும் இலங்கையின் வன்னியில் இன்றும் சீசனில் விற்பனைக்கு வரும். நம் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது!

அந்தக் காட்டில் இன்று மிச்சம் இருப்பவை சிதறிய துண்டுகள்தான். விவசாயத்துக்கும் விறகுக்கும் வீட்டு மனைக்கும் மற்றதெல்லாம் போய்விட்டது. மிஞ்சிய துண்டுகளில் பலவற்றைக் காப்பாற்றியது யார் தெரியுமா? ஐயனாரும் அம்மனும்! "சாமி காட்டில் சுள்ளி ஒடித்தால் சாமி குத்தம்" என்ற ஒரே பயம், எந்த வேலியும் செய்யாததைச் செய்தது.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் கோயில் காடு. பெண்களாகச் சேர்ந்து ஒரு முறை வேனில் போயிருந்தோம். தகிக்கிற சாலையிலிருந்து நிழலுக்குள் கால் வைத்ததும் உடம்பே குளிர்ந்தது. "ஏ.சி. போட்ட மாதிரி இருக்குடி!" என்றார் கூட வந்த ஒரு பாட்டி. பாட்டி சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. இலைகள் வெளிவிடும் ஈரம்தான் அந்தக் குளிர்ச்சி. காலடிச் சருகு மழைநீரை ஓடவிடாமல் பிடித்து மண்ணுக்குள் இறக்கும். பாலாற்றில் தண்ணீர் புரண்டால் வேடிக்கை பார்க்க ஓடுகிற ஊர்க்காரர்களான நமக்கு இதன் அருமை சொல்லவா வேண்டும்?

சரி, போன காடு திரும்புமா? கஷ்டம்தான், ஆனால் முடியும். அதே பக்கத்தில் 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த நிலம் மழை அரித்த வெறும் செம்மண் மேடு. முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். வெயில் தாங்கும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகு, எஞ்சியிருந்த கோயில் காடுகளில் விதை பொறுக்கி, நாற்று வளர்த்து, அந்த நிழலில் நட்டார்கள். நிழல் வந்ததும் பறவைகள் வந்தன. அவையும் தங்கள் பங்குக்கு விதை போட்டன. கிழிந்த பட்டுக்கு இழை ஓட்டுகிற மாதிரி பொறுமையான வேலை! ஆனால் ஒன்று கவனியுங்கள். தாய்க்காடு இருந்தால்தான் விதை கிடைக்கும். அதையும் அழித்துவிட்டால் எதை வைத்து இழை ஓட்டுவது?

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. நீலகிரி கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து, 1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, "யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான்; மத்திய அரசின் அனுமதியின்றி வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது" என்ற பொருளில் அமைந்தது. 2023-ல் வனச் சட்டம் திருத்தப்பட்டு இந்தப் பாதுகாப்பின் எல்லை சுருங்கியது. மறுபடி வழக்கு. பழைய விளக்கத்தையே இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கோயில் காட்டுக்கு நேரடியாக உதவுவது 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம். அதன்படி திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காட்டை 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. மொத்தமே 4.97 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டு ஏக்கர் சொச்சம்தான். சின்னது என்று தள்ளிவிடவில்லை பாருங்கள்!

இன்னொரு விஷயம். இதே சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்! உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் எந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.

குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது நம்மால் ஆனதும் உண்டு. பொங்கல் வைக்க விறகு வீட்டிலிருந்தே போகட்டும். பிளாஸ்டிக் கவர், பாக்கு மட்டைத் தட்டு எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். சருகு குப்பை அல்ல, காட்டின் உரம். அதைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம். "மரத்தையெல்லாம் எடுத்துட்டு சிமெண்டு மண்டபம் கட்டலாம்" என்று பங்காளிகள் நன்கொடை நோட்டோடு வந்தால், பணம் கொடுக்கும் முன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். "மண்டபத்தை எப்போ வேணா கட்டிக்கலாங்க. இந்த வீரை மரத்தை எங்கே போய் வாங்குவீங்க?"

மகளுக்குப் பட்டுப் புடவையைப் பத்திரமாக மடித்து வைக்கிறோம். மழை பெய்தால் குடிக்கும் மண்ணையும், வெயிலில் ஒதுங்க ஒரு நிழலையும் அவளுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டாமா?