படிக்கட்டில் ஒரு பந்தயம்

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், பசிபிக் கடலோரத்தில் அமைந்த துறைமுக நகரம் வால்பரைசோ. செங்குத்தான குன்றுகளில் வீடுகள் நெருங்கி நிற்கும் அந்நகரில் மலைமிதிவண்டிப் பந்தயம் 2003இல் தொடங்கியது. வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக மேலிருந்து புறப்படுவர். மிகக் குறைந்த நேரத்தில் கீழே வந்தவரே வென்றவர்.

மலைப்பாதையில் விழுந்தால் மண் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இங்கோ சிமெண்டுப் படிகள், இருபுறமும் சுவர்கள். படிகளில் தடதடவென இறங்குகையில் சக்கரம் தரையில் நன்கு பதிவதில்லை. பதியாத சக்கரத்தைப் பிரேக்கு எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டியின் வேகம் குறையாது. ஆகவே, படிகளின் முடிவில் வரும் திருப்பத்திற்கு ஏற்ற வேகத்தைப் படிகள் தொடங்குமுன்பே வீரர் முடிவு செய்தாக வேண்டும். வழியில் தெருநாய் குறுக்கிட்டால்? வால்பரைசோவில் அதுவும் நிகழ்ந்ததுண்டு.