கேத்தலின் வெள்ளைப் படிவும் மியூனிக்கின் கறுப்பு பியரும்

புத்தளம் கரைத்தீவில் நான் தங்கிய வீட்டின் அடுப்படியில் ஒரு பழைய அலுமினியக் கேத்தல் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். அடியிலும் பக்கங்களிலும் வெள்ளை வெள்ளையாக ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் தகடு தகடாகப் பெயர்ந்தது.

"மாசத்துக்கு ஒருக்கா தேசிக்காய்ப் புளி விட்டு ஊற வைக்கணும் தம்பி. இல்லாட்டி தண்ணி கொதிக்கவே நேரம் போகும்" என்றார் அந்த வீட்டு மாமி. சொன்ன கையோடு பாதித் தேசிக்காயைப் பிழிந்தும் காட்டினார். சாறு பட்ட இடத்தில் சுர்ரென்று நுரை கிளம்பியது. ஒரு நிமிடத்தில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நுரை காபனீரொட்சைட்டு வாயு. படிவு சுண்ணாம்புக்கல். இந்தக் கரையோரம் முழுக்க அடியில் கிடப்பது அதுதான். பக்கத்து அறுவைக்காட்டில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் ரயிலேறிப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போவதைப் புத்தளத்தார் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முந்திய மயோசீன் காலத்துக் கடலடிப் படிவு அது. வனாத்தவில்லுப் பக்கம் அதே கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏந்திக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் வாயு வெளியேற, கரைந்த கல் மறுபடி கல்லாகிக் கேத்தலில் உட்காருகிறது. பள்ளிக்கூடத்தில் இதை வன்னீர் என்று படித்தோம். சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு வேகாது என்று அதன் குறைகளை மட்டுமே படித்தோம்.

இதே வன்னீர்தான் ஜேர்மனியின் மியூனிக் நகரத்து நீரும். அல்ப்ஸ் மலைச் சுண்ணாம்புக்கல் உடைந்து உருண்டு வந்து பரவிய சரளைச் சமவெளியில் இருக்கிறது அந்த நகரம். அங்கே பல நூற்றாண்டுகளாக மக்கள் குடித்த பியர் கரும்பழுப்பு நிறம். 'டுங்கல்' என்பார்கள்; 'இருண்டது' என்று பொருள். இன்னும் கறுத்த 'ஷ்வார்ட்ஸ்பியர்' ஜேர்மனியின் துரிங்கியாப் பக்கம் பேர்போனது. கோஸ்ட்ரிட்ஸ் என்ற ஊரில் 1543இலிருந்தே பியர் வடிக்கிறார்கள். கறுப்பை மியூனிக்காரர் நாவுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுடைய தண்ணீர் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதே என் எண்ணம்.

காரணம் இதுதான். பியர் வடிப்பதில் முதல் வேலை, முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, அதாவது மால்ட்டை, உடைத்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பது. முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டான நொதியங்கள் அப்போது மாப்பொருளை வெட்டி வெல்லமாக்கும். இந்த நொதியங்களுக்குக் கொஞ்சம் புளிப்பு வேண்டும். பீஎச் அளவில் 5.2 முதல் 5.6 வரை இருந்தால் உற்சாகமாக வேலை செய்யும். நீரில் கரைந்த சுண்ணாம்பின் பைகாபனேற்று அந்தப் புளிப்பை விழுங்கிவிடும். கேத்தலில் தேசிக்காய்ச் சாற்றை விழுங்கியதும் அதே சுண்ணாம்புதானே! புளிப்புப் போனால் வெல்லம் குறையும். தானியத்து உமியிலிருந்து துவர்ப்பு இறங்கி நாக்கில் முரடாக நிற்கும்.

வறுத்த தானியம் இதற்கு மருந்து. வறுபடும்போது அதில் அமிலங்கள் பிறக்கின்றன. வன்னீரில் அதைப் போட்டால் சுண்ணாம்பின் காரமும் வறுவலின் அமிலமும் ஒன்றையொன்று தணித்து, கலவை தானாகவே நொதியத்துக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிடும். பீஎச் என்ற அளவுகோலையே 1909இல்தான் சோரன்சன் வகுத்தார். அதுவும் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில். அதற்கு முன்பிருந்த மியூனிக்காரர் கையில் அளவுகோல் கிடையாது. வெளிறிய தானியம் போட்டால் துவர்க்கிறது, வறுத்தது போட்டால் உருண்டு வருகிறது என்று நாக்கால் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

1842இல் யோசப் குரோல் என்ற, மியூனிக் இருக்கும் பவேரியாவைச் சேர்ந்தவர் பொகீமியாவின் பில்சன் நகருக்குப் போய் அங்கே பியர் வடித்தார். தொழில்முறை தன் ஊர் முறை. தண்ணீர் பில்சனுடையது. கல் கரையாத மென்னீர். பொன்னிறப் பியர் வந்தது, உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை வெளிர்நிறப் பியரை விற்பனைக்கு விட்டது 1894இல்தான். வெளிர்நிறப் பியருக்காக வன்னீரை மென்னீராக்க ஒரு வழி, நீர்த்த சுண்ணாம்பையே அதில் கலப்பது. சுண்ணாம்பைச் சுண்ணாம்பால் பிடித்துக் கீழே படியவைக்கும் இந்த முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்தின் தோமஸ் கிளார்க்.

வறுவலின் நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மேயார். வெல்லமும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறச் சேர்மங்களாவது. ரொட்டியின் சுட்ட பொட்டிலும், கோப்பிக்கொட்டையிலும், பொரித்த மீனின் ஓரத்திலும் நடப்பது அதேதான். சுமார் 100 பாகையில் உலர்த்தினால் பாண் மேல்தட்டின் மணம். 200 பாகை தாண்டினால் கோப்பி மணமும் கரிக் கறுப்பும். 1817இல் இங்கிலாந்தில் டானியல் வீலர் உருளை வறுகலன் செய்த பிறகு, ஒரு பிடி கறுப்பு மால்ட்டே ஒரு தொட்டியைக் கறுப்பாக்கப் போதுமானதாயிற்று.

புத்தளம் கரையிலும் கறுப்பு பியர் வடிக்கலாமா? தண்ணீர் இருக்கிறது. தானியம்? இலங்கையின் பியர் ஆலைகள் பார்லி மால்ட்டைக் கப்பலில்தான் எடுக்கின்றன. ஆனால் வடமேல் உலர் நிலத்துச் சேனைகளில் காலங்காலமாக விளைந்த குரக்கன் இருக்கிறது. முளைகட்டுவதற்குச் சிறுதானியங்களில் அதைப்போல ஒன்று அரிது. பார்லியை முளைகட்ட 15 பாகைக் குளிர் வேண்டும், நாலைந்து நாள் வேண்டும். குரக்கனை ஓரிரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால், நம் ஊர்ச் சூட்டிலேயே இரண்டு மூன்று நாளில் கடுகுக்கு வால் முளைத்ததுபோல் வெள்ளை முளை நீட்டிவிடும். வெயிலில் காயவைத்து உள்ளங்கையில் தேய்த்தால் வால் உதிரும். குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்க இப்படிச் செய்வது பழைய வழக்கம். முளைத்த குரக்கன் கஞ்சி ஏன் கெட்டியாகாமல் இளகி இனிக்கிறது என்றால், அங்கேயும் நொதியம் மாப்பொருளை வெட்டியிருக்கிறது.

தொல்லையும் உண்டு. குரக்கனின் மாப்பொருள் இளக பார்லியைவிடக் கூடுதல் சூடு தேவை; அந்தச் சூட்டில் நொதியம் செத்துப்போகக்கூடும். அதனால் ஒரு பங்கைத் தனியே கஞ்சியாகக் காய்ச்சி, சூடு தணிந்த பிறகு மால்ட்டோடு சேர்க்க வேண்டும். பார்லியின் உமி தொட்டிக்கு அடியில் தானே வடிகட்டியாகப் படுத்துக்கொள்ளும். குரக்கனில் ஒட்டிய உமி கிடையாது, சேறுபோல் அடைத்துக்கொள்ளும். இதற்கு உலகெங்கும் பியர் வடிப்போர் கையாளும் வைத்தியம் நெல்லுமி.

குரக்கன் நமக்கு வந்ததே கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலத்திலிருந்து. அங்கே உகண்டாவில் குரக்கன் மாவைப் பிசைந்து புளிக்கவிட்டு, பிறகு நெருப்பில் வறுத்து, வெயிலில் காயவைத்து, முளைகட்டிய குரக்கனோடு சேர்த்து நொதிக்கவிடுகிறார்கள். பானையைச் சுற்றி உட்கார்ந்து, வெந்நீர் விட்டு, நீண்ட குழல்களால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். ஜேர்மனியைக் கேட்காமலே வறுவலின் அருமையைத் தெரிந்துகொண்டவர்கள்.

இந்தக் கரையில் இல்லாத ஒன்று குளிர். மியூனிக்கின் டுங்கல் ஒரு லாகர்; அதற்குக் குளிர் வேண்டும். 'லாகர்' என்ற பெயர், களஞ்சியத்தில் கிடத்தி வைப்பதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது. 10 பாகை அளவில் மெதுவாக நொதித்து, பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் கிடந்தால்தான் லாகர். கோடையில் பியர் கெடுகிறது என்று பவேரியாவில் 1553இல் கோடை வடிப்பையே தடை செய்தார்கள். அந்தக் குளிர் வழக்கம், வெல்லத்தை நொதிக்க வைக்கும் ஒரு கலப்பின மதுவத்துக்கு (ஈஸ்ட்) வாழ்வு தந்தது. அதன் ஒரு பெற்றோர் பாண் சுடும் சாதாரண மதுவம். மற்றது யாரென்று 2011 வரை தெரியாது. அந்த ஆண்டு ஆர்ஜென்டீனாவின் பற்றகோனியாக் காட்டு மரங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் திபெத்திலும் கிடைத்தது. நம் தென்னங்கள்ளு இதற்கு நேர் எதிர். பாளையில் சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். அதைத் தடுக்க முட்டிக்குள் பூசுவது என்ன? சுண்ணாம்புதான். காரத்தில் மதுவம் ஒடுங்கும், பதநீர் இனிப்பாக இறங்கும்.

குளிரைத் தேடித்தான் வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் பியர் ஆலை வைத்தனர். 1870களில் கார்ல் வொன் லிண்ட குளிரூட்டும் இயந்திரத்தை மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் பொருத்திய பிறகு மலை ஏற வேண்டிய கட்டாயம் போயிற்று. இன்று அந்த இலங்கை ஆலை இருப்பது கடல்மட்டத்தை ஒட்டிய பியகமவில். எனவே அறிவியல் கணக்குப்படி புத்தளம் கரையில் ஒரு குரக்கன் கறுப்பு லாகருக்குத் தடை எதுவும் இல்லை. சட்டக் கணக்கு வேறு: 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் ஒரு போத்தலும் வடிக்க முடியாது.

மாமியின் வீட்டில் மது ஹராம். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு போனபோது அவர் முகம் சுளிக்கவில்லை, காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் கேட்டார்: "அந்த மதுவத்தைப் போடாம விட்டா?"

போடாவிட்டால் அது இனிப்பான, கறுத்த தானியச் சாறு. சூடாகவே வடித்து உடனே குடித்துவிட்டால் நொதிக்க நேரமே இல்லை. அரபு நாட்டுக் கடைகளில் மதுசாரம் இல்லாத மால்ட் பானங்கள் போத்தல் போத்தலாக இருக்கின்றன.

மூன்றாம் நாள் அவர் வீட்டுத் திண்ணைப் பாயில் முளைவிட்ட குரக்கன் காய்ந்தது. அதில் ஒரு சுண்டை எடுத்து மண்சட்டியில் வறுத்தார். முதலில் பாண் மணம், பிறகு கோப்பி மணம். வறுத்ததையும் வறுக்காததையும் உரலில் இடித்துச் சேர்த்து, கேத்தலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போத்தல் தண்ணி வேணுமா தம்பி?"

"வேணாம் மாமி. கிணத்துத் தண்ணியே விடுங்க."