காடு போனபின்னும் குறையாத கரிமம்

பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் மழைக்காட்டை வெட்டி எரித்து, ஆப்பிரிக்கப் புல்லை விதைத்து மாடு மேய்க்கிறார்கள். 1990-களில் அங்குள்ள நோவா விடா என்ற பண்ணையில், காட்டு மண்ணையும் வெவ்வேறு ஆண்டுகளில் மேய்ச்சலாக மாறிய நிலங்களின் மண்ணையும் ஆய்வாளர்கள் எடுத்து ஒப்பிட்டார்கள். 20 ஆண்டுகள் மாடு மேய்ந்த நிலத்தின் மேல்மண்ணில் கரிமம் குறையவில்லை. பக்கத்துக் காட்டைவிட அதிகமாகவே இருந்தது.

மண்ணின் கரிமச்சத்தை வைத்து மழைக்காட்டின் நலத்தை எடைபோட நினைப்பவர்களுக்கு இது சங்கடம்தான். அந்த நினைப்பிலும் நியாயம் இருக்கிறது. சருகு, செத்த வேர், பூஞ்சை, பூச்சிகளின் எச்சம் எல்லாம் மட்கிச் சேர்வதுதான் கரிமச்சத்து. காடு போனால் இந்த வரத்து நின்றுவிடும். சூடும் ஈரமும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் இருப்பையும் வேகமாகத் தின்று தீர்க்கும். ஆனால், ரொண்டோனியாவில் அந்த இடத்தைப் புல்லின் அடர்ந்த வேர்கள் நிரப்பிவிட்டன.

அளப்பது எப்படி? மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, பல இடங்களில் துளையிட்டு மண் எடுக்கிறார்கள். அதை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லையும் வேரையும் நீக்குகிறார்கள். பிறகு பொட்டாசியம் டைக்ரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துக் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்யலாம். வாக்லியும் பிளாக்கும் 1934-ல் வெளியிட்ட முறை இது. நம் விவசாயிகளின் மண்வள அட்டையில் வரும் கரிம அளவுக்கும் பெரும்பாலும் இதுதான் அடிப்படை. மலிவானது, ஆனால் கரிமத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் பிடிக்கும், மீதியை ஒரு பெருக்கு எண்ணால் ஈடுகட்ட வேண்டும். உலையில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே துல்லியம். சுண்ணாம்பு கலந்த கரிசலில் அது சுண்ணாம்பின் கரிமத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். மழைக்காட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்பு இராது. அந்தத் தொல்லை அங்கே இல்லை.

இவ்வளவு செய்தும் கையில் கிடைப்பது வெறும் சதவீதம். ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று சொல்ல, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்குக் கொள்ளளவு தெரிந்த உலோக வளையத்தை மண்ணில் இறக்கி எடுத்து, உலர்த்தி, எடை பார்க்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் ஆழம், 2 சதவீதக் கரிமம். ஒரு கன சென்டிமீட்டர் மண் 1 கிராம் இருந்தால் ஹெக்டேருக்கு 60 டன். மாடுகள் மிதித்து அது 1.2 கிராமாக இறுகினால் 72 டன். புதிதாக ஒரு கைப்பிடிச் சருகுகூட விழாமலே 12 டன் 'கூடிவிட்டது'. எனவே ஆழத்தைச் சமமாக வைப்பதைவிட, மண்ணின் எடையைச் சமமாக வைத்து ஒப்பிடுவதே முறை. எத்தனை அறிக்கைகள் இதைச் செய்கின்றன என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எடையைச் சரிசெய்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும். பாஸ்புக்கில் இருப்புத் தொகை மட்டும் தெரிந்தால், பணம் போட்டவர் யார் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஐசோடோப் உதவுகிறது. மரங்களும் வெப்பமண்டல மேய்ச்சல் புற்களும் ஒளிச்சேர்க்கையை வேறு வேறு வழிகளில் செய்கின்றன. அதனால் கரிமம்-13 என்ற சற்றே கனமான வகை, மரச் சருகில் குறைவாகவும் புல்லில் அதிகமாகவும் இருக்கும். ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு ஆய்வகம் தரும் எண் மரத்துக்கு மைனஸ் 28-ஐ ஒட்டியும், புல்லுக்கு மைனஸ் 13-ஐ ஒட்டியும் வரும். மண்ணில் மைனஸ் 20 என்று வந்தால், ஏறத்தாழப் பாதிக் கரிமம் புல் போட்டது. ரொண்டோனியாவில் தெரிந்ததும் இதுதான்: காட்டின் பழைய கரிமம் கரைந்துகொண்டிருக்க, புல்லின் கரிமம் ஏறிக்கொண்டிருந்தது.

இது திரும்பும் வழியிலும் நடக்கும். போர்ட்டோ ரிக்கோவில் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு தானாக மீண்டது. 80 ஆண்டு வரை வளர்ந்த காடுகளின் மண்ணை ஆராய்ந்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தக் கரிமத்தில் பெரிய மாற்றம் இல்லை. புல் விட்டுச்சென்றது குறையக் குறைய, மரங்கள் தந்தது அந்த இடத்தை நிரப்பியிருந்தது. மொத்த அளவை மட்டும் கேட்கும் தணிக்கையாளர், தலைக்குமேல் காடு நிற்கும்போதே 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.