அறபு கொடுத்த ஒரு பின்னொட்டு

சில வருடங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஸ்பானிய மொழி பற்றிப் பேசினேன். சீனிக்கு அவர்கள் சொல்லும் 'அசூக்கார்', எண்ணெய்க்குச் சொல்லும் 'அசெய்த்தே' எல்லாம் அறபு தந்தவை என்று பெருமையாக அடுக்கினேன். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவர் எழும்பினார். "சேர், சொல்லை யாரும் கடன் வாங்கலாம்தானே. சொல்லை உண்டாக்குற பின்னொட்டு ஏதும் அறபிலிருந்து போயிருக்கா?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு தேடிப் பார்த்தேன். ஸ்பானிய, போர்த்துக்கேயப் பின்னொட்டுகளில் பெரும்பாலானவை லத்தீன் வழி வந்தவை. 'மெதுவாக' என்பதற்கு இரு மொழியிலும் 'லென்ட்டாமென்ட்டே' என்று எழுதுவார்கள். 'மென்ட்டே' என்பது லத்தீனில் 'மனத்தோடு' என்று பொருள்பட்ட தனிச்சொல். அது தேய்ந்து நம்மட 'ஆக' போல ஆகிவிட்டது. பழைய தனிமை இன்னும் முழுதாகப் போகவில்லை. 'தெளிவாகவும் மெதுவாகவும்' என்று சொல்லும்போது இரண்டாவது சொல்லில் மட்டுமே அதைச் சேர்க்கிறார்கள்.

போர்த்துக்கேயரிடம் நாம் வாங்கிய 'சப்பாத்து' இருக்கிறதே, அதைச் செய்பவர் அவர்களுக்கு 'சப்பத்தெய்ரு'. இந்த 'எய்ரு' லத்தீனின் 'ஆரியுஸ்'. நம்மட வீட்டு அலுமாரியின் வால்கூட அதே குடும்பம்தான்.

அறபு கொடுத்தது 'ஈ'. புகாராவைச் சேர்ந்தவர் புகாரீ. நம்மிடையே மத்ரஸாப் பட்டங்களாக வழங்கும் நளீமி, கபூரி, பாகவி. அறபு இலக்கணத்தில் இது நிஸ்பா. ஸ்பானியத்தில் மொரோக்கோக்காரர் 'மர்ரோக்கீ', செயுத்தா நகரத்தவர் 'செயுத்தீ'. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிறிஸ்தவ மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவுக்கு உரியவைகூட 'அல்ஃபோன்ஸீ'தான். காட்டுப்பன்றிக்குப் பெயர் 'ஹபலீ'. அறபில் 'ஜபலீ' என்றால் மலைக்குரியது; பன்றி என்ற சொல் விடுபட்டு நிஸ்பா மட்டும் எஞ்சியிருக்கிறது.

1492இல் கிரனாடா வீழ்ந்தது, 'ஈ' வீழவில்லை. பிற்காலத்தில் 'இராக்கீ', 'பாக்கிஸ்தானீ' வந்தபோது அவற்றுக்கு ஸ்பானியத்தில் இடம் தயாராக இருந்தது. போர்த்துக்கேயர் அவர்களையே 'இராக்கியானு', 'பாக்கிஸ்தானேஸ்' என்று லத்தீன் வாலோடு அழைக்கிறார்கள். இலங்கையர் நமக்கு ஸ்பானியரும் லத்தீன் வாலையே தந்திருக்கிறார்கள்: 'எஸ்ரிலங்கேஸ்'.

ஆக, எண்ணிக்கையில் இது சிறிய கொடைதான். அதுவும் பெரும்பாலும் ஊர்ப்பெயர், ஆட்பெயரோடு நிற்பது. அன்று நான் அடுக்கிய பட்டியல் பிழையில்லை. ஆனால் பட்டியலை வைத்து ஸ்பானிய மொழியையே அறபு கட்டியதுபோலப் பேசியது பிழை. அந்த மாணவரை இன்னொருக்கா கண்டால் சொல்வேன்: "இருக்கு தம்பி. சொல்லும்படியா ஒன்றுதான். ஆனா அது இன்னும் உயிரோட இருக்கு."