வெளிநாட்டுப் பயணமும் தற்காலிக வீசாவும்

ஒருவர் தம் நாட்டின் எல்லையைக் கடந்து வேறொரு நாட்டினுள் நுழைவதற்குப் பெரும்பாலும் இரண்டு அத்தாட்சிகள் வேண்டும். ஒன்று அவருடைய சொந்த நாடு கொடுப்பது. மற்றொன்று அவர் செல்லக் கருதும் நாடு கொடுப்பது. முன்னையது கடவுச்சீட்டு, பின்னையது வீசா. 'இவர் எம்முடைய குடிமகன்' என்று கடவுச்சீட்டுச் சான்று பகர்கின்றது. 'இவர் எம்மிடம் வரலாம்' என்று வீசா இசைவு கூறுகின்றது. கடவுச்சீட்டு நம் வீட்டார் தரும் அடையாளம். வீசாவோ அயல்வீட்டு வாயிலில் நின்று கேட்கும் அனுமதி. இவ்வேறுபாட்டை உணராமையே விண்ணப்பிப்போர் பலரின் மனத்துயருக்கும் பொருளிழப்புக்கும் காரணமாகின்றது.

இவ்வழக்கம் முற்றிலும் புதியதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலே, நாட்டினுள் வருவோருக்கும் நாட்டைவிட்டுப் போவோருக்கும் முத்திரைச் சீட்டு வழங்கும் அதிகாரி ஒருவரைப் பற்றிய செய்தி உண்டு. ஒரு சீட்டுக்கு ஒரு மாஷம் என்று கட்டணமும் ஆங்கு விதிக்கப்பட்டிருக்கின்றது. 'வீசா' என்னும் சொல், 'பார்க்கப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல்லின் வழி வந்தது. பயணியின் பத்திரத்தை அதிகாரி பார்த்துவிட்டார் என்பதே அதன் ஆதிக் கருத்து.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிடையே கடவுச்சீட்டு இன்றியே பயணஞ் செய்தல் இயல்வதாயிருந்தது. 1914 இல் போர் மூண்டதும் அரசுகள் தத்தம் எல்லைகளைக் காவல் செய்யத் தொடங்கின. போர் ஓய்ந்த பின்னரும் அக்காவல் ஓயவில்லை. 1920 இல் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிசு நகரிலே கூடிய மாநாடு, கடவுச்சீட்டுக்குப் பொதுவானதொரு புத்தக வடிவத்தை வகுத்தது. இலங்கையரின் அனுபவமும் இதனை ஒத்ததே. பொதுநலவாயத்தைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் அவர்கள் 1962 வரை பிரித்தானியாவிற் குடிபுகத் தடை இருக்கவில்லை. அவ்வாண்டுச் சட்டம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது. 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் தமிழர் பலர் புகலிடந் தேடிச் செல்லலாயினர். 1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அந்நாடு விதித்த முதலாவது வீசாக் கட்டுப்பாடு அதுவேயாகும்.

அவ்வாறு புலம்பெயர்ந்தோரிற் பலர் இன்று பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க்கு முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் இலங்கையில் இருக்கின்றனர். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணைநிற்கவும், பேரனின் திருமணத்தைக் காணவும் அவர்கள் நாடும் அனுமதியே ஷெங்கன் குறுங்கால வீசா என்பதாகும்.

ஷெங்கன் என்பது லக்சம்பேர்க்கு நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 1985 யூன் 14 ஆம் நாள் பெல்ஜியம், பிரான்சு, மேற்கு ஜேர்மனி, லக்சம்பேர்க்கு, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள், தம்மிடையேயுள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க அங்கே உடன்பட்டன. 1995 இல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 சனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக இணைந்ததோடு இந்நாடுகள் 29 ஆயின. ஒரு வீசாவோடு இவ்விருபத்தொன்பது நாடுகளிலும் பயணஞ் செய்யலாம். பிரித்தானியாவும் அயர்லாந்தும் இதிற் சேரா. அவற்றுக்குத் தனித்தனி வீசா வேண்டும்.

இவ்வீசாவின் கால எல்லை, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேற்படாதது. வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கிற் சேரும். மார்ச் 1 ஆந் திகதி வந்திறங்கியவர் இடையறாது தங்கினால், மே 29 ஆந் திகதி அவருடைய தொண்ணூறாவது நாளாகும். அதன்பின் அவர் ஓகஸ்ட் 28 ஆந் திகதிக்கு முன்னர் மீண்டும் நுழைதல் முடியாது. ஆயினும், எல்லாருக்கும் 90 நாட்கள் கிடைப்பதில்லை. வீசாவில் மூன்று விவரங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: எத்திகதி தொடங்கி எத்திகதி வரை அது செல்லும், எத்தனை முறை நுழையலாம், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம். முதலாவதை மட்டும் பார்த்து மூன்றாவதை மறந்தவர்கள், தாம் அறியாமலே சட்டத்தை மீறியவர்களாகின்றனர்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் விதி உண்டு. செல்லும் நாடு ஒன்றாயின் அந்நாட்டிடமே கேட்டல் வேண்டும். பல நாடுகளாயின், பயணத்தின் முதன்மையான நோக்கம் எங்கே நிறைவேறுமோ, அல்லது எங்கே அதிக நாள் தங்குவாரோ, அந்நாட்டிடம் கேட்டல் வேண்டும். இவை சமமாயின் முதலில் நுழையும் நாடே உரியது. சுவிற்சர்லாந்தில் உள்ள மகனிடம் செல்பவர், வேறொரு நாட்டில் வீசா எளிதிற் கிடைக்கும் என்று கேள்வியுற்று அங்கே விண்ணப்பித்தல் தவறு. பொய்யான நோக்கத்தைக் கூறியவராக அவர் கருதப்படுவார்.

பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராயினும் விண்ணப்பித்தல் வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும். மேலும் ஆராய வேண்டியிருப்பின் 45 நாட்கள் வரை நீளும். கடவுச்சீட்டு, வழங்கப்பட்டுப் பத்தாண்டுகள் கடவாததாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமேனும் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களேனும் உடையதாகவும் இருத்தல் அவசியம். நோய்க்கும் விபத்துக்குமாக 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி வேண்டும். 2024 யூன் முதல் கட்டணம் வளர்ந்தோருக்கு 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. வீசா மறுக்கப்பட்டால் இப்பணம் திரும்பக் கிடையாது. பத்து விரல்களின் பதிவும் எடுக்கப்படும். விண்ணப்பங்களை ஏற்பதற்கெனத் தூதரகங்கள் சில நிறுவனங்களை நியமித்துள்ளன. அவை பத்திரங்களைப் பெற்று அனுப்புவனவேயன்றி, முடிவு செய்யும் அதிகாரம் உடையனவல்ல.

இவையெல்லாம் புறவிதிகள். விண்ணப்பத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கின்றது. அதனை ஆராயும் அதிகாரியின் உள்ளத்தில் எழும் வினாக்கள் இரண்டே: இவர் எதற்காக வருகின்றார்? வந்தபின் திரும்பிப் போவாரா? விண்ணப்பகாரரை அவர் முன்பின் அறியார். அவருடைய ஊரையும் குலத்தையும் ஒழுக்கத்தையும் அறியார். அவர் அறிவதெல்லாம் தம் மேசைமேல் உள்ள கடதாசிகளையே. ஆதலின், ஒவ்வொரு கடதாசியும் இவ்விரு வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடை கூறுவதாக இருத்தல் வேண்டும்.

முதல் வினாவுக்கு விடை, அழைப்பவரின் கடிதமும் அவருடைய வதிவிட அனுமதியின் பிரதியுமாகும். பிரான்சில் உள்ளவர் தம் நகராட்சி மன்றத்தில் வரவேற்புப் பத்திரம் பெற்று அனுப்புவர். ஜேர்மனியில் உள்ளவர், விருந்தினரின் செலவைத் தாமே ஏற்பதாக அந்நாட்டு அலுவலகத்திற் பொறுப்புறுதி செய்து கொடுக்கலாம். சுவிற்சர்லாந்திலோ, தூதரகம் கேட்குமிடத்து 30,000 பிராங்கு வரை பொறுப்பேற்கும் பத்திரத்தில் ஒப்பமிடல் வேண்டும்.

இரண்டாம் வினாவே கடினமானது. திரும்பி வருவேன் என்று சத்தியஞ் செய்வதனால் மட்டும் பயனில்லை; திரும்பி வருவதற்குரிய காரணங்களைக் காட்டல் வேண்டும். உத்தியோகத்தர் தம் லீவு அனுமதிக் கடிதத்தையும், ஓய்வுபெற்றவர் ஓய்வூதியப் பத்திரத்தையும், வணிகர் வியாபாரப் பதிவையும், கமக்காரர் காணி உறுதியையும் இணைக்கலாம். இங்கே தங்கியிருக்கும் கணவன் அல்லது மனைவி, படிக்கும் பிள்ளைகள், பராமரிக்க வேண்டிய முதியோர் ஆகியோரும் தக்க காரணங்களே. முன்னர் வெளிநாடு சென்று உரிய காலத்தில் மீண்டவராயின், பழைய கடவுச்சீட்டு அவருக்காகப் பேசும்.

இவ்விடத்தில் நம்மவர் இடறும் இடங்கள் சிலவுள. வங்கிக் கணக்கு அவற்றுள் முதலாவது. விண்ணப்பத்துக்கு ஒரு வாரத்தின் முன் உறவினரிடம் கைமாற்றாகப் பெற்ற பணத்தை வைப்பிலிட்டு, அந்தத் தொகையைக் காட்டுவோர் உண்டு. அதிகாரி பார்ப்பது இறுதித் தொகையை மட்டுமன்று. பல மாதங்களாகப் பணம் வந்து போன முறையையே அவர் பார்க்கின்றார். திடீரெனப் பெருகிய பணம் ஐயத்தையே பெருக்கும். மகன் மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் வாழும் தாயார், அதனை உள்ளவாறே எழுதி, பயணச் செலவையும் அவனே ஏற்பதாகக் கூறுதல் குற்றமன்று. அதுவே நேர்மையான விடையுமாகும்.

இரண்டாவது, நம்முடைய உறவுமுறை. பெரியப்பாவின் மகனை நாம் அண்ணன் என்கின்றோம். சித்தப்பாவின் மகளைத் தங்கை என்கின்றோம். அக்காளின் பிள்ளை தங்கைக்குப் பெறாமகன் ஆகின்றான். நம் பேச்சில் இது அன்பின் வழக்கு. ஐரோப்பிய அதிகாரியின் ஏட்டிலோ இது வேறு உறவு. பெரியப்பாவின் மகனை உடன்பிறந்தான் என எழுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் இருவரின் பெற்றோரும் வேறாகக் காணப்படின், அன்பின் சொல் பொய்யின் சொல்லாகிவிடுகின்றது. தந்தையின் தமையனுடைய மகன் என்று விரித்தெழுதுதலே தக்கது.

மூன்றாவது, பெயர். தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு வடிவம் பெறுகின்றது. பிறப்புப் பதிவில் அன்னலட்சுமி, திருமணப் பதிவில் அன்னம்மா. திருமணத்தின் முன் தந்தையின் தலையெழுத்து, பின் கணவனின் தலையெழுத்து. எல்லாம் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும்; கொழும்பிலுள்ள தூதரகத்துக்குத் தெரியாது. இவ்வேறுபாடுகளைச் சத்தியக் கடதாசியொன்றால் விளக்கி, தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணஞ் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து இணைத்தல் நன்று.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. வீசாவை உறுதியாகப் பெற்றுத் தருவதாகக் கூறிப் பெருந்தொகை வாங்கும் இடைத்தரகரின் வலையே அது. வேலையில்லாதவருக்கு வேலைக் கடிதமும், காணியில்லாதவருக்குக் காணி உறுதியும் அவர்கள் ஆக்கித் தருவர். வீசா வழங்கும் அதிகாரம் அரசு ஒன்றுக்கே உரியது. அதனை முன்கூட்டியே உறுதிசெய்ய எவராலும் இயலாது. விண்ணப்பத்தின் விவரங்கள் ஐந்தாண்டுகள் பொதுப் பதிவேட்டில் இருக்கும். 29 நாடுகளின் அதிகாரிகளும் அதனைப் பார்க்க முடியும். போலிப் பத்திரம் வெளிப்பட்டால், அடுத்த முறை உண்மையான பத்திரத்தோடு செல்பவரையும் அது பின்தொடரும். பணம் வாங்கிய தரகர் அப்பொழுது அருகில் இரார், ஒப்பமிட்டவரே பொறுப்பாளி.

சில வேளைகளில் உண்மை கூறியவருக்கும் வீசா மறுக்கப்படுவதுண்டு. அதனை மானக்கேடாகக் கருதுதல் வேண்டா. மறுப்புக்கான காரணம் ஒரு படிவத்திற் குறிக்கப்பட்டிருக்கும். பயண நோக்கம் தெளிவாகவில்லை, செலவுக்குப் போதிய வசதி காட்டப்படவில்லை, திரும்பும் எண்ணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்பன அவற்றுட் சில. மறுத்த நாட்டின் சட்டப்படி மேன்முறையீடு செய்ய உரிமை உண்டு. அதன் வழியும் காலக்கெடுவும் அப்படிவத்திலேயே காணப்படும். புதிதாக விண்ணப்பிக்கவும் தடையில்லை. ஆனால், குறைபாடு இன்னதென்று ஆராயாமல் அதே கடதாசிகளை மீண்டும் கொடுப்பது, கட்டணத்தை மீண்டும் இழப்பதற்கே வழியாகும். முன்னைய மறுப்பை மறைப்பதும் தகாது. அதுவும் பதிவேட்டில் உள்ளதே.

வீசா கிடைத்த பின்னரும் ஒரு படி எஞ்சியுள்ளது. வீசா வாயில்வரை செல்லும் அனுமதியே. உள்ளே விடுவதா என்பதை எல்லை அதிகாரி மீண்டும் தீர்மானிக்கலாம். ஆதலின் அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் விமானச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைப் பெரிய பெட்டியில் வையாது, கைப்பையிலே வைத்துக்கொள்ளல் வேண்டும். 2025 ஒக்டோபர் 12 ஆந் திகதி தொடங்கிப் படிப்படியாக நடைமுறைப்படுத்தப்பட்ட மின்பதிவு முறை, வருகையையும் புறப்பாட்டையும் குறித்துக்கொள்கின்றது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அக்கணக்கு மறவாது.

உரிய நாளில் திரும்பி வருதல் ஒருவரின் தனிப்பட்ட நன்மை மட்டுமன்று. ஒழுங்காகப் பயன்படுத்திய வீசாக்கள் அடுத்த முறை நீண்டகாலப் பன்முறை வீசாவுக்கு வழி திறக்கின்றன. இரண்டாண்டுகளுள் மூன்று வீசாக்களை முறைப்படி பயன்படுத்தியவர், ஏனைய நிபந்தனைகளும் நிறைவாயின், ஓராண்டு செல்லும் பன்முறை வீசாவுக்குத் தகுதியுடையவராகலாம். மகளின் முதற் பிள்ளையைக் காணச் சென்று காலந் தவறாது மீண்ட தாயார், இரண்டாம் பிள்ளையைக் காணச் செல்லும்போது, அவ்விரு வினாக்களுள் இரண்டாவதற்குத் தம் செயலாலேயே விடை கூறிவிட்டவராகின்றார்.