மூன்று கிலோ எங்கே போயிற்று?

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம் ஊர்ப் பழமொழி. எத்தனை நாளில் என்று அது சொல்லவில்லை. இன்றைய விளம்பரங்களோ நாள் கணக்கைத்தான் முதலில் சொல்கின்றன. ‘பத்தே நாளில் ஐந்து கிலோ’ என்னும் வாசகம் பேருந்து நிலையச் சுவரிலிருந்து கைப்பேசி வரை நம்மைத் துரத்துகிறது. அது முழுப் பொய்யும் அன்று. எடை உண்மையிலேயே இறங்குகிறது. இறங்குவது எது என்பதே கேள்வி.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு தை மாதத்தில் என் அக்காவுக்குத் திருமணம். அதற்கு முன் இளைத்துவிட வேண்டும் என்று யாரோ சொல்லி, மாவு டப்பா ஒன்று வீட்டுக்கு வந்தது. காலையும் இரவும் சோற்றுக்குப் பதில் அந்த மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும், பகலில் வெள்ளரிக்காய். “நீதானே தம்பி படிக்கிறே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு” என்றாள் அக்கா. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில் மாவு மில் தராசில் மூன்று கிலோ குறைந்தது. வீடே மகிழ்ந்தது. பந்தக்கால் நட்ட அன்று அக்கா மயங்கி விழுந்தாள். திருமணம் முடிந்து மறுவீடு, விருந்து என்று பதினைந்து நாள் போனபின் அந்த மூன்று கிலோவும் திரும்பி வந்து, கூடவே ஒரு கிலோவையும் அழைத்து வந்தது.

அன்று நான் போட்டிருக்க வேண்டிய கணக்கை, இந்த ஆண்டு கிளைக்கோஜன் பாடம் நடந்தபோதுதான் போட்டேன். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அது மொத்தத்தில் ஏறக்குறைய அரை கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. பட்டினி போட்டால் உடல் முதலில் கை வைப்பது இந்தக் கையிருப்பில்தான். அரை கிலோ கிளைக்கோஜன் கரையும்போது ஒன்றரை கிலோ நீரும் வெளியேறுகிறது. ஆக, இரண்டு கிலோ!

கொழுப்பின் கணக்கு வேறு. உடல் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7700 கிலோ கலோரி பற்றாக்குறை வேண்டும். அக்காவின் தேவை நாளொன்றுக்கு 1800, அவள் உட்கொண்டது 800 என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பற்றாக்குறை 7000. அதில் 2000-ஐக் கிளைக்கோஜனே கொடுத்துவிடுகிறது. மீதி 5000-க்குக் கொழுப்பு சுமார் 650 கிராம். (இக்கணக்கிலுள்ள தோராயத்தைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். தசைப் புரதமும் கொஞ்சம் கரையும்.) மூன்று கிலோவில் உண்மையான கொழுப்பு முக்கால் கிலோகூட இல்லை. இரண்டு நாள் சோறு சாப்பிட்டதும் கிளைக்கோஜன் நிரம்புகிறது; நீரும் திரும்புகிறது. விளம்பரக்காரர் நமக்கு விற்றது பெரும்பாலும் நம்முடைய நீரைத்தான்.

சரி, கூடவே வந்த அந்த ஒரு கிலோ? இதற்குப் பழைய சோதனை ஒன்று விடை சொல்கிறது. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்களைக் கொண்டு அதை நடத்தினார். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கத்தில் பாதியளவே உணவு. வாரம் 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு குறைந்தது. அத்துடன் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலும் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல் உடலும் சுருக்கிக்கொண்டது. அவர்கள் எப்போதும் குளிரில் நடுங்கினார்கள். சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் எவ்வளவு உண்டும் பசி அடங்கவில்லை. கொழுப்பு முன்னிருந்த அளவையும் தாண்டியது. என் அக்காவுக்கு மனவுறுதி போதாது என்று உறவினர் பேசியது எவ்வளவு பெரிய தவறு!

அப்படியானால் மெதுவாக இளைத்தால் போதும் என்றுதான் நானும் எண்ணினேன். 2014-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு அதையும் கலைத்தது. உடற்பருமன் உள்ள சுமார் 200 பேரில் ஒரு பகுதியினர் மருத்துவக் கண்காணிப்பில் 12 வாரங்களில் இளைத்தனர். மற்றவர் 36 வாரங்களில். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பார்த்தால், இரு சாராருக்கும் இழந்த எடையில் ஏறத்தாழ 71 விழுக்காடு திரும்பியிருந்தது. வேகம் மட்டும் காரணமன்று என்று தெரிகிறது. இளைத்து முடித்தபின் எந்தச் சாப்பாட்டுக்கு, எந்த நடமாட்டத்துக்குத் திரும்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆயுள் முழுதும் மாவைக் கரைத்துக் குடிக்க யாரால் முடியும்?

சென்ற ஆடிக்கு அக்கா வந்திருந்தபோது இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா” என்றாள். எனக்குப் பதில் இல்லை. இப்போது அவள் வீட்டில் சோறு மூன்று கரண்டியிலிருந்து இரண்டாகியிருக்கிறது; கீரையும் சுண்டலும் கூடியிருக்கின்றன. மாலையில் பக்கத்து வீட்டு அம்மாளுடன் ஏரிக்கரை வரை நடக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது மாவு மில் தராசில் ஒன்றரை கிலோ குறைந்திருந்தது. அன்று பொங்கலும் வடையும் மறுக்காமல் சாப்பிட்டாள்.